கடற்கரை ஊரில் தண்ணீருக்கும் குப்பைக்கும் யாரிடம் போவது?

கேள்வி இதுதான்: "வளைகுடாவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கடற்கரை ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் எட்டு நாள், பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. குப்பை எல்லாம் கடற்கரையில் கிடக்கிறது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். யாரைக் கேட்டாலும் 'அது எங்க வேலை இல்லை' என்கிறார்கள். யாரிடம் போவது? போனால் எதுவும் நடக்குமா?"

தம்பி, ஊருக்கே திரும்பி வந்தது முதலில் சந்தோஷம். நானும் இதே கரையில் பிறந்து வளர்ந்தவன். 2011-லிருந்து 2016 வரைக்கும் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன்னாலும் மனு எழுதினேன், இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடக்குமா என்றால், நடக்கும். என் கண் முன்னால் நடந்திருக்கிறது. ஆனால் தனி ஆளாகப் போய், கையில் கணக்கு இல்லாமல் சத்தம் போட்டு நடந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

முதலில் உங்கள் ஊர் எதற்குக் கீழே வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பாதிப் பேர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் 4 நகராட்சி, 7 பேரூராட்சி, 429 கிராம ஊராட்சி. கடற்கரையில் ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி. மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி. பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினம் எல்லாம் கிராம ஊராட்சி. பாம்பனைப் பார்க்கிறவர் அது ஒரு டவுன் என்றுதான் நினைப்பார். சட்டத்தின் கணக்கில் அது கிராமம். நகராட்சியில் ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர், ஊராட்சியில் தலைவர், செயலர், அவர்களுக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். இதில் ஒரு படி மாறி மனு கொடுத்தாலும் அது ஒவ்வொரு மேசையாகச் சுற்றி, மூன்று மாதம் கழித்து "உரிய அலுவலகத்தை அணுகவும்" என்று திரும்பி வரும்.

உங்கள் ஊர் ஊராட்சி என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

தண்ணீரில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நம் கரையில் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். குழாயில் வருவது காவிரித் தண்ணீர். திருச்சிப் பக்கம் ஆற்றில் எடுத்து, 616 கோடி ரூபாய் செலவில் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயில் புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக நமக்கு வருகிறது. குழாயின் கடைசி முனை நாம். வழியில் ஒரு இடத்தில் உடைந்தாலும், ஒரு இடத்தில் மின்சாரம் போனாலும் முதலில் காய்வது நம் தொட்டி. இந்தப் பெரிய குழாயைப் பார்ப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து ஊர்த் தொட்டிக்கு வந்து விழுந்த பிறகு, தெருத் தெருவாகப் பிரித்து விடுவது ஊராட்சி. ஆக, "தண்ணி வரல" என்ற ஒரே புகாருக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. தொட்டிக்கு எவ்வளவு வந்தது? வந்தது எந்தத் தெருவுக்குப் போனது? இந்த இரண்டையும் பிரிக்காமல் கேட்டால், ஊராட்சி வாரியத்தைக் கை காட்டும், வாரியம் ஊராட்சியைக் கை காட்டும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்கா, கணவர் கடலுக்குப் போகிறவர், வீட்டுச் சுவரில் நகைக்கடை காலண்டர் ஒன்று மாட்டியிருந்தார். தண்ணீர் வந்த தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் எத்தனை குடம் பிடித்தார் என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பார். யாருக்காகவும் செய்யவில்லை, வீட்டுக் கணக்குக்காகச் செய்தார். ஒருநாள் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் நாத்தனார் வீட்டு நாட்களையும் கேட்டு, அதே காலண்டரில் பச்சை வட்டம் போட்டார். ஒரு மாதத்தில் பச்சை 11, சிவப்பு 3. அந்தக் காலண்டர் தாளைத்தான் கிராம சபைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அதுவரைக்கும் "எல்லாத் தெருவுக்கும் சமமாத்தான் விடுறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்ததும் வேறு பேச்சு பேசவில்லை.

மறுநாளே குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். முன் தெருவில் ஏழு வீட்டில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்குத் தனி வால்வே இல்லை. மோட்டாரைக் கழற்றி, முனையில் ஒரு வால்வு போட்டு, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கம் மட்டும் திறப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். ஏழு வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் எனக்குச் சொந்தக்காரர்கள், ஒரு வருடம் அவர்கள் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் தண்ணீர் வந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். தண்ணீர் வந்த தேதி, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை குடம். நான்கு தெருவில் நான்கு வீட்டில் இதை எழுதினால் போதும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அரசே அளவு வைத்திருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் பதினெட்டுக் குடம். உங்கள் நோட்டில் எத்தனை என்று பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதியைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள், அதையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சில ஊரில் அந்தத் தேதி போன வருடத்துத் தேதியாக இருக்கும்.

குடத்துக்கு நாம் கொடுக்கும் காசையும் அதே நோட்டில் எழுதுங்கள். எங்கள் பக்கம் தள்ளுவண்டியிலோ லாரியிலோ வாங்கினால் குடம் 10 ரூபாய், கோடையில் 15. குடிக்கவும் சமைக்கவும் ஆறு குடம் என்றால் ஒரு நாளைக்கு 60 ரூபாய், மாதத்துக்கு 1,800, வருடத்துக்கு 21,600. வீட்டு வரியாக நான் ஊராட்சிக்குக் கட்டுவது இதில் ஒரு துளி. கரையில் உள்ள ஏழைக் குடும்பம்தான் தண்ணீருக்கு அதிகக் காசு கொடுக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

ஊற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊரை விட்டுப் போகும் முன் உங்கள் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உப்புக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? மணல் மேட்டில் பெய்த மழை கீழே இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் ஒரு பாளமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம். மோட்டார் வைத்து மேலே ஒரு அடியைக் குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். சிரட்டையால் மொண்டவரைக்கும் ஊற்று கெடவில்லை. போர் போட்டு லாரியில் ஏற்ற ஆரம்பித்த இடங்களில் உவர்த்துவிட்டது. அதனால் மணல் மேட்டை வெட்டி விற்பதும், மேட்டின் மேல் லாரித் தண்ணீருக்குப் போர் போடுவதும் உங்கள் ஊரில் நடந்தால், குழாய்த் தண்ணீருக்குக் கொடுக்கும் மனுவோடு அதற்கும் சேர்த்து மனு கொடுங்கள். காவிரிக் குழாய் உடைந்த நாளில் நம்மைக் காப்பாற்றப்போவது அந்த மணல் மேடுதான்.

அடுத்து குப்பை. இதில் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன்: தூய்மைக் காவலர்களைத் திட்டாதீர்கள். ஆயிரம் வீட்டுக்கு மூன்று பேர், ஒரு பேட்டரி வண்டி, அதுவும் பாதி நாள் சார்ஜ் ஏறாது. அவர்கள் அள்ளியதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்பதுதான் நம் ஊர்களின் நிஜமான பிரச்சினை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை, நடுவில் பனங்காடும் தென்னந்தோப்பும், எல்லாம் பட்டா. ஊராட்சிக்குக் குப்பைக் கிடங்கு வைக்க இடமே இல்லாத ஊர்கள் உண்டு. ஆகவே குப்பை கடற்கரைப் புறம்போக்குக்குப் போகிறது. அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடல் கேட்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கரையில் காலையில் நடந்து பாருங்கள். நாம் போன மாதம் போட்டது அலையோரத்தில் ஒரு கோடாகக் கிடக்கும்: நைலான் வலைத் துண்டு, ஐஸ் பெட்டியின் தெர்மாகோல், எண்ணெய் பாக்கெட், குழந்தைகளின் டயப்பர். வாடைக் காற்று திரும்பியதும் அதே கோடு வடகடல் பக்கம் விழும். எதிரே இருப்பது மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தீவுக்குப் பக்கத்தில் போகாதே என்று மீனவனைத் தடுக்கிறோம், கடல்பாசி எடுக்கும் பெண்களை விரட்டுகிறோம். அந்தப் பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். நம் தெருக்குப்பைக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது.

செய்யக்கூடியது என்னவென்றால், மீன் கழிவு, ஓட்டல், கல்யாண மஹால் ஆகிய மூன்றையும் முதலில் பிரியுங்கள். வீட்டுக் குப்பையை விட இந்த மூன்றும்தான் நாற்றத்துக்கும் நாய்க்கும் காரணம். மஹாலுக்கு அனுமதி புதுப்பிக்கும்போது கழிவை எங்கே கொடுக்கிறார் என்று எழுதி வாங்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். பிய்ந்த வலையை எடைக்கு எடுக்க ஆள் இருக்கிறது, கரையில் ஒரு கூண்டு வைத்தாலே பாதி வலை கடலுக்குப் போகாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை. அபராதம் போடும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருக்கிறது. சின்னக் கடைக்காரரிடம் மட்டும் அதைக் காட்டி, மொத்த வியாபாரியை விட்டுவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது தப்பு.

ராமேஸ்வரம் நகராட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஆட்கள் அதைத்தான் அதிகம் குறை சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே மக்கள் தொகை சுமார் 45 ஆயிரம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வருகிற கூட்டம் லட்சத்தில். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத் துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதை அள்ளும் செலவு உள்ளூர் ஆட்களின் வரியிலிருந்து போகிறது. வந்து போகும் கூட்டத்தையும் கணக்கில் சேர்த்து அந்த ஊருக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏர்வாடிக்கும் தேவிபட்டினத்துக்கும் இதே கதை, அதுவும் அவை வெறும் ஊராட்சிகள்.

மழைத் தண்ணீருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டத்துக்கு வருடம் முழுவதற்கும் வருவதே ஏறக்குறைய 82 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே தெருவில் நிற்கிறது என்றால், உங்கள் ஊர் ஊருணிக்குப் போகும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் ஊர் வரைபடம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, வரத்துக்கால் போகும் வழியில் வயதான ஒருவரோடு நடந்து போங்கள். சிமெண்ட் ரோடு போடும்போது வாசலை விட உயரமாகப் போட்டதும், கால்வாயை மூடிக் கடை கட்டியதும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊருணி நிறைந்தால் ஊற்றும் ஊறும்.

இனி எங்கே கேட்பது என்பதற்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

நம் கரையில் ஊர்க்கூட்டம் போடத் தெரியாத ஊர் கிடையாது. மீனவர் ஊரானால் ஊர்த் தலைவர், முஸ்லிம் ஊரானால் ஜமாத், கிறிஸ்தவ ஊரானால் கோவில் கமிட்டி. வலை வெட்டுப்பட்டாலும், படகு மோதினாலும், வரி பாக்கி நின்றாலும் இரவு எட்டு மணிக்குக் கூடி, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, கணக்கை வாசிக்கச் சொல்லி, தப்பு என்றால் எழுந்து நின்று கேட்போம். அதே ஆட்கள் கிராம சபை என்றால் வருவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். போய்ப் பார்த்தால் பந்தலில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மட்டும் இருப்பார்கள். அவர்கள் வருவதால்தான் சபையே நடக்கிறது, அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருந்தால்தான் கிராம சபை செல்லும். எங்கள் பக்கத்தில் ஒருமுறை 60 பேர்கூட இல்லாமல் முடித்துவிட்டு, சாயங்காலம் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலேயே எல்லோரும் போட்டார்கள். நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன், வார்டு உறுப்பினர் ஆவதற்கு முன்னால். அப்படிப் போட்ட கையெழுத்தில்தான் நமக்கு வேண்டாத இடத்தில் ரோடும், வேண்டிய இடத்தில் இருட்டும் வந்தது.

இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மே 1 கிராம சபை அதற்குள் வருகிறது. விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஊர்த் தலைவரிடமும் ஜமாத்திலும் முன்கூட்டியே பேசி, ஏப்ரல் கடைசியில் ஒரு ஊர்க்கூட்டம் போட்டு, கிராம சபையில் கேட்கப்போகும் மூன்று விஷயத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். முப்பது விஷயம் கேட்டால் ஒன்றும் நடக்காது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதைத் தண்டோராவாகவோ வாட்ஸ்அப்பிலோ எல்லா வீட்டுக்கும் சேருங்கள்.

சபையில் உட்கார்ந்ததும் வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். படிவம் 30 என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021-லிருந்து 2026 வரைக்கும் ஊராட்சிக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டிருந்தது. அதாவது உங்களுடைய தண்ணீர், குப்பை இரண்டுக்கும் என்றே வந்த பணம். அந்தப் பணம் எந்த வால்வுக்கு, எந்தக் குழாய்க்கு, எந்த வண்டிக்குப் போனது என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட தீர்மானத்தை நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுதும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த தலைவரே இல்லையே, அவருக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். எங்கள் காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஓட்டுப் போட்ட ஆள் இல்லாத ஊராட்சி தலையில்லாத உடம்பு மாதிரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் கிராம சபை நிற்காது. சொல்லப்போனால் தலைவர் இல்லாத காலத்தில் சபைக்குப் போவது இன்னும் முக்கியம்.

சபையில் பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். நீளமாகக் கேட்காதீர்கள். "கடந்த 12 மாதத்தில் எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு வந்த தண்ணீரின் அளவுப் பதிவேட்டின் நகல்" என்று ஒரே வரி போதும். ஆவணத்தை நேரில் பார்க்கவும் கேட்கலாம். பாதி நேரம் அந்த மனு போய்ச் சேர்ந்த வாரமே தண்ணீர் வந்துவிடும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, அங்கே போவதென்றால் கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடு போங்கள். தனி மனுவுக்கும் தீர்மானத்தோடு போகும் மனுவுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மேசையில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்பதால், "காசு இருக்குல்ல, நீங்களே ஒரு போர் போட்டு ஊருக்குக் கொடுங்க" என்று சொல்வார்கள். மனசு இளகும். செய்யாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் வருடம் வேண்டாம். நீங்கள் போர் போட்டுக் கொடுத்த அன்றைக்கே ஊராட்சி அந்தத் தெருவை மறந்துவிடும். மோட்டார் கெட்டால் உங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும்.

இன்று ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் தேதி போடுங்கள். அடுத்த தெருவில் எழுதுவதற்கு ஒரு அக்காவையோ, பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளையையோ கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு அதில் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.